அடிபட்டு வீடு திரும்பிய படைவீரரைப் பார்த்துக்கொள்கிறீர்களா? காகித வேலைக்கு ஒரு வழிகாட்டி

ராணுவத்தில் அடிபட்டோ நோய்ப்பட்டோ வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவர் நீங்கள் என்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மனைவியாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், கூடப்பிறந்தவராக இருக்கலாம். என் வீட்டுக்காரர் முதுகுத்தண்டில் அடிபட்டு, மெடிக்கல் போர்டில் (ராணுவ டாக்டர்கள் குழுவின் பரிசோதனையில்) வெளியே அனுப்பப்பட்டவர். என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் வரிசைப்படுத்திச் சொல்லவில்லை. ஒவ்வொரு மேசையிலும் அந்த மேசைக்கு உரியதை மட்டும் சொல்லி அடுத்த ஊருக்கு அனுப்பினார்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் தெருவுக்கு ஒரு ராணுவக் குடும்பமாவது இருக்கும். கம்மவான்பேட்டை மாதிரி ஊரில் வீட்டுக்கு ஒருவர் என்றே சொல்வார்கள். அங்கேகூட இந்த விவரம் முழுதாகத் தெரிந்தவர்கள் குறைவு.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பென்ஷன், வைத்தியம், ரயில் சலுகை எல்லாம் அவர் பெயரில் வரும். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையைக் கணக்கில் எடுத்துப் பென்ஷனோடு வரும் தொகை ஒன்றே ஒன்றுதான். அது கிடைக்க வேண்டுமானால், மெடிக்கல் போர்டு காகிதத்தில் 'இவருக்கு எந்நேரமும் உடன் ஒரு ஆள் தேவை' என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால், நீங்கள் இரவு பகலாகச் செய்யும் வேலை அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரியாது. கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைச் சுற்றியதுதான்.

இது ஜவான்கள், ஜே.சி.ஓ.க்கள் (நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) குடும்பங்களுக்கான நடைமுறை. அதிகாரிகளுக்கு விண்ணப்பம் போகும் இடம் வேறு.

1. எந்த ஆபீஸ் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று இடங்கள். ரெக்கார்டு ஆபீஸ்தான் அவருடைய சர்வீஸ் விவரம் முழுக்க இருக்கும் இடம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். மெடிக்கல் போர்டு, பெயர் திருத்தம், பென்ஷன் மறு ஆய்வு எல்லாம் இங்கேதான் தொடங்கும்.

இரண்டாவது, பணத்தைக் கணக்கிட்டு அனுப்பும் இடம். பிரயாக்ராஜில் உள்ள பி.சி.டி.ஏ. பென்ஷன் அலுவலகம். இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளம் வழியாகத்தான் நடக்கிறது.

மூன்றாவது, உங்கள் மாவட்டத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம். பழைய ஆட்கள் சைனிக் போர்டு என்பார்கள். பென்ஷனைக் கூட்டவோ குறைக்கவோ இவர்களால் முடியாது. ஆனால் ரெக்கார்டு ஆபீசுக்கு எப்படி எழுதுவது, எந்தப் படிவம், எதில் கையெழுத்துச் சான்று வேண்டும் என்பதெல்லாம் இங்கே இருக்கும் ஊழியர்களுக்கு அத்துப்படி. கட்டணம் கிடையாது. 'நிலுவை வாங்கித் தருகிறேன், வருவதில் இத்தனை சதவீதம் கொடுங்கள்' என்று வெளியே ஆட்கள் சுற்றுவார்கள். அவர்கள் செய்வது நீங்களே போடக்கூடிய ஒரு மனுவைத்தான். ஒரு பைசா கொடுக்காதீர்கள், டிஸ்சார்ஜ் புக்கையும் கையில் கொடுக்காதீர்கள்.

2. ஃபைலைக் கட்டுங்கள்

இருக்க வேண்டியவை:

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவு (பழையது, ஸ்பர்ஷில் வந்த புதியது இரண்டும்), மெடிக்கல் போர்டு நடவடிக்கைக் காகிதம், அடிபட்டபோது எழுதிய காய அறிக்கை, கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவ விசாரணை) நடந்திருந்தால் அதன் நகல், ராணுவ மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரிகள், உங்கள் இருவர் ஆதார், பான், கல்யாணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம்.

மெடிக்கல் போர்டு காகிதத்துக்கு ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்று பெயர். காய அறிக்கை ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006. இந்த எண்களைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். 'மெடிக்கல் பேப்பர் வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் வேறு எதையாவது அனுப்புவார்கள்.

கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்டு ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய் தபால் ஆர்டர் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மனைவி பெயரில் மனு போட்டால் 'இது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்' என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு. மனு அவர் பெயரிலேயே இருக்கட்டும். கையெழுத்துப் போட முடியாதவர் என்றால் கைரேகை வைத்து, இரண்டு சாட்சிகளோடு சான்று பெற்று அனுப்புங்கள்.

அடுத்தது பெயர். நம்மூர் ஆட்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. நமக்கு இனிஷியல், ராணுவத்துக்கு முழுப் பெயர். பட்டாளத்தில் சேரும்போது அங்கிருந்த கிளார்க் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஆதாரில் ஒரு எழுத்து, டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு எழுத்து, வங்கியில் அப்பா பெயரை முன்னால் விரித்து இன்னொரு மாதிரி. உங்கள் பெயரும் அப்படியே. அவர் இருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. நாளை குடும்ப ஓய்வூதியம் என்று வரும்போது 'பி.பி.ஓ.வில் உள்ளவர் நீங்கள்தானா' என்று நிறுத்திவிடுவார்கள். இன்றைக்கே மூன்று காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். ஆதாரில் திருத்துவது சுலபம் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். ராணுவ ஆவணத்தைத்தான் திருத்த வேண்டும் என்றால், பிரமாணப் பத்திரத்தோடு மாவட்ட அலுவலகம் வழியாக ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள். முத்திரைத்தாள், நோட்டரி என்று சில நூறு ரூபாய் ஆகும். நேரம்தான் இதில் பெரிய செலவு. மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் மற்ற வேலைகளுக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் மூன்று செட் நகல் எடுங்கள். அசலை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். தபால் என்றால் ஸ்பீட் போஸ்ட், ரசீதை அந்தக் கடித நகலின் பின்னாலேயே பின் பண்ணிவிடுங்கள்.

3. மெடிக்கல் போர்டு காகிதத்தைப் படியுங்கள்

பெரும்பாலான வீடுகளில் இந்தக் காகிதம் பீரோவில் இருக்கும், யாரும் படித்திருக்க மாட்டார்கள். நான்கு இடங்களைத் தேடுங்கள்.

ஒன்று, சதவீதம். டிஸபிலிட்டி பென்ஷனுக்குக் குறைந்தது 20 சதவீதம் வேண்டும். 100 சதவீத ஊனத்துக்கான ஊனப் பகுதி, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஊனம் குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு 1996 ஜனவரி 1 முதல் ஒரு நல்ல விதி உண்டு. 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், 76 முதல் 100 வரை 100 என்றும் எடுத்துக்கொண்டு பணம் கணக்கிட வேண்டும். முழு சர்வீஸ் முடித்து ஊனத்தோடு ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பழைய பி.பி.ஓ.க்களில் இது ஏறாமலே இருப்பதுண்டு, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு, காரணம். ராணுவ சேவையால் வந்தது, சேவையால் மோசமானது, இரண்டும் இல்லை என்று மூன்றில் ஒன்றை எழுதியிருப்பார்கள். 'இரண்டும் இல்லை' என்று எழுதியிருந்தால் ஊனப் பகுதி கிடைக்காது. அதை எதிர்க்க வழி உண்டு, ஐந்தாம் படியில் சொல்கிறேன். எதிரி நடவடிக்கை போன்றவற்றில் அடிபட்டு வெளியேற்றப்பட்டவர் என்றால் அது போர்க்காய ஓய்வூதியம். அதில் 100 சதவீத ஊனத்துக்கான காயப் பகுதி கடைசிச் சம்பளம் அளவுக்கே வரும். வித்தியாசம் பெரியது. அதனால் எந்த வகையில் போட்டிருக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள்.

மூன்று, காலம். 'ஆயுள் முழுக்க' என்று இருக்கிறதா, குறிப்பிட்ட ஆண்டு வரைக்கும் மட்டும் என்று இருக்கிறதா.

நான்கு, நான் முதலில் சொன்ன அந்த வரி. உடன் ஆள் தேவையா என்ற கேள்விக்கு என்ன எழுதியிருக்கிறார்கள், எவ்வளவு காலத்துக்கு என்று எழுதியிருக்கிறார்கள்.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் பெயர்களும் சில நிபந்தனைகளும் மாறியிருக்கின்றன. பழைய ஆள் ஒருவர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல், உங்களுக்கு வந்த உத்தரவில் எந்த விதி என்று குறிப்பிட்டிருக்கிறார்களோ அதைக் காட்டிக் கேளுங்கள்.

4. உடனிருப்பவருக்கான படியைக் கேளுங்கள்

இதற்குக் கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்று பெயர். ஆபீஸ்களில் சி.ஏ.ஏ. என்பார்கள். 100 சதவீத ஊனத்துக்குப் பென்ஷன் வாங்குபவருக்கு, குறைந்தது மூன்று மாதத்துக்காவது எந்நேரமும் ஆள் தேவை என்று மெடிக்கல் போர்டு பரிந்துரைத்தால் கிடைக்கும். 2017 ஜூலை 1 முதல் மாதம் 6,750 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதற்குப் பின் உயர்வு வந்திருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும்போது மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கும் நாட்களுக்கு இது கிடையாது.

வெளியே வரும்போதே போர்டில் எழுதியிருந்தால், அது பி.பி.ஓ.வில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தாலோ, அப்போது நடமாடிக்கொண்டிருந்தவர் பிறகு படுத்துவிட்டாலோ, ரெக்கார்டு ஆபீசுக்கு மறு மதிப்பீட்டு மெடிக்கல் போர்டு கேட்டு எழுத வேண்டும். கடிதத்தில் வளவளவென்று கஷ்டத்தை எழுத வேண்டாம். சர்வீஸ் எண், ரேங்க், பெயர், பி.பி.ஓ. எண், எப்போதிலிருந்து நிலை மோசமானது, இப்போது எந்தெந்த வேலைக்கு ஆள் தேவை, இவ்வளவு போதும். இப்போது பார்க்கும் டாக்டரின் சமீபத்திய சான்றைச் சேருங்கள். அதில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பத்தாது. 'குளிக்க, உடுத்த, சாப்பிட, கழிப்பறைக்கு, படுக்கையில் புரள அடுத்தவர் உதவி தேவை' என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ரெக்கார்டு ஆபீஸ் ஏதாவது ஒரு ராணுவ மருத்துவமனையில் போர்டுக்குத் தேதி வாங்கித் தரும். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் அதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, அருகில் உள்ள மருத்துவமனையாகக் கேளுங்கள். போர்டு அன்று ஒரே நாளில் முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். எக்ஸ்ரே, ஸ்பெஷலிஸ்ட் கருத்து என்று மறுநாள்களுக்கும் போகலாம். மாற்றுத் துணி, டயபர், கதீட்டர் பை, மருந்து எல்லாம் கூடுதலாக எடுத்துப்போங்கள். படுக்கை வசதியுள்ள வண்டி வாடகைதான் இதில் பெரிய செலவு. காத்திருப்புக்கும் சேர்த்து வாடகையைப் பேசி முடித்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். போர்டில் டாக்டர்கள் கேள்வி கேட்கும்போது அவர் எப்படிப் பதில் சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். பதினைந்து இருபது வருஷம் மேலதிகாரி எதிரே விறைப்பாக நின்று பழகியவர். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவரிடம், 'சாப்பாடு நீங்களே சாப்பிடுவீர்களா?' என்று கேட்டார்கள். 'எஸ் சார்.' 'சட்டை?' 'போட்டுக்குவேன் சார்.' காலையில் அந்தச் சட்டையை, ஒரு கையை நுழைத்து, ஒருபக்கமாகச் சாய்த்து, மறு கையை நுழைத்து, பட்டன் போட்டுவிட்டது நான். அவர் பொய் சொல்லவில்லை. முடியவில்லை என்று சொல்வது அவருக்குக் கூச்சம். சீருடை போட்டவர்கள் முன்னால் அந்தக் கூச்சம் இரண்டு மடங்கு. அந்த முறை நாங்கள் கேட்ட வரி காகிதத்தில் ஏறவில்லை.

அதனால் போர்டுக்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்குப் படி வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். 'உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், குறைத்துச் சொன்னால் காகிதம் தப்பாகிவிடும்' என்று சொல்லுங்கள், ராணுவத்தில் இருந்தவருக்கு அது பிடிபடும். கூடவே ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு, நேரம் போட்டு, நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையும். இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தது, நாலரைக்குச் சிறுநீர்ப் பை மாற்றியது, ஏழு மணிக்கு மலம் எடுத்துத் துடைத்தது. இதை எழுதவே கஷ்டமாக இருக்கும். எழுதுங்கள். போர்டில் அதைக் கொடுத்து, 'இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்' என்று கேளுங்கள். உள்ளே போக உங்களையும் அனுமதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தாலும், வெளியே வரும் டாக்டர் கையில் அந்த நோட்டின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.

5. மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதம் வந்த தேதியை உறையோடு பத்திரப்படுத்துங்கள். முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம். அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவது மேல்முறையீட்டுக்கும் ஆறு மாதம். இரண்டுக்கும் வக்கீல் தேவையில்லை, ரெக்கார்டு ஆபீஸ் வழியாகவே போகும். காரணம் 'சேவையோடு தொடர்பில்லை' என்பதாக இருந்தால், 2013-இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னதைக் குறிப்பிடுங்கள். சேர்க்கும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், தொடர்பில்லை என்று நிரூபிப்பது ராணுவத்தின் பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பு.

அதற்கும் மேல் என்றால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. இங்கே வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பென்ஷன் விஷயத்தில் தாமதத்தைப் பெரும்பாலும் மன்னிப்பார்கள். ஆனால் நிலுவையை மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். அதாவது நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் கையை விட்டுப் போகிறது.

6. ஸ்பர்ஷ், உயிர்வாழ் சான்று

ஸ்பர்ஷ் கணக்கில் இருக்கும் கைபேசி எண் உங்கள் கையில் இருக்கும் எண்ணாக இருக்கட்டும். உள்ளே போய் மாதாந்திர பென்ஷன் சீட்டைப் பாருங்கள். சர்வீஸ் பகுதி, ஊனப் பகுதி, உடனிருப்போர் படி தனித்தனியாக வருகிறதா என்று பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் எது விட்டுப்போயிற்று என்றே தெரியாது. விட்டுப்போயிருந்தால் அதே தளத்தில் புகார் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் ஓ.டி.பி. கேட்டு 'ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம்' என்பவர்கள் எல்லாம் திருடர்கள். வைத்துவிடுங்கள்.

உயிர்வாழ் சான்று வருஷத்துக்கு ஒரு முறை. உங்களுக்குரிய கெடு தேதி ஸ்பர்ஷிலேயே காட்டும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். ஜீவன் பிரமாண் செயலியில் போடும்போது ஒரு இடத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஸ்பர்ஷில் இருப்பவர்கள் அங்கே 'ஸ்பர்ஷ் - பி.சி.டி.ஏ. (பென்ஷன்ஸ்) அலகாபாத்' என்பதைத்தான் எடுக்க வேண்டும். ஊர் பெயர் பிரயாக்ராஜ் என்று மாறியிருந்தாலும் அந்தப் பட்டியலில் அலகாபாத் என்று தேடுங்கள்.

கை விரல் மடங்கிப்போனவர்களுக்குக் கைரேகைக் கருவி வேலை செய்யாது. விரலை நிமிர்த்தி அழுத்தி அவரை நோகடிக்க வேண்டாம். முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வழி இருக்கிறது. ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். தலையணையை உயர்த்தி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி வையுங்கள், பின்னால் இருந்து வெளிச்சம் வரக் கூடாது. கண்ணைச் சிமிட்டச் சொல்லும். சில முறை தவறும், பிறகு எடுத்துக்கொள்ளும். உங்களால் முடியவில்லை என்றால் தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லலாம், அஞ்சல் வங்கி 70 ரூபாய் வாங்குகிறது. எதுவுமே முடியாத நிலை என்றால், அதிகாரம் பெற்ற ஒருவர் கையெழுத்திட்ட காகிதச் சான்றை ஸ்பர்ஷில் ஏற்றலாம்.

7. இ.சி.எச்.எஸ்.

முன்னாள் படைவீரர்களுக்கான இந்த மருத்துவத் திட்டத்தில் சேரவில்லை என்றால் உடனே சேருங்கள். ஒரு முறை கட்டும் சந்தா, 2017 டிசம்பர் உத்தரவுப்படி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000 ரூபாய். போரில் அடிபட்டு ஊனமானவர்களுக்குச் சந்தா விலக்கு உண்டு. சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி கிடைக்காது. படுத்திருப்பவர் வீட்டில் அந்த ஆயிரத்துக்காக இதைத் தள்ளிப்போடுவது பெரிய நஷ்டம்.

வழக்கமான வைத்தியத்துக்கு முதலில் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக், அங்கிருந்து ரெஃபரல், பிறகுதான் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை. ரெஃபரல் இல்லாமல் போனால் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அவசரம் என்றால் எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாம். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லுங்கள், எழுத்தில் அல்லது மின்னஞ்சலில். போனில் மட்டும் சொன்னால் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே அவசரச் சான்று, அசல் பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் முத்திரையோடு வாங்கிவிடுங்கள்.

சக்கர நாற்காலி, காது கருவி, செயற்கை உறுப்பு ஆகியவையும் இதில் வரும். ஸ்பெஷலிஸ்ட் எழுதிக் கொடுக்க வேண்டும், முன்னனுமதி வேண்டும். கடையில் வாங்கிவிட்டுப் பில்லோடு போகாதீர்கள். செயற்கைக் காலுக்கு 1944 முதல் புனேயில் இயங்கும் ராணுவச் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்கள் தங்கி வாழவும் தொழில் கற்கவும் கட்கியிலும் மொகாலியிலும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அனுப்ப மனம் வரவில்லை. ஆனால் இளம் வயதில் அடிபட்ட பிள்ளைகள் உள்ள வீடுகள் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். அதே நிலையில் உள்ளவர்களோடு இருப்பது சிலருக்கு மருந்தைவிட நல்லது செய்யும்.

8. மாநிலப் பக்கம் கிடைப்பவை

ராணுவ போர்டின் சதவீதம் இங்கே செல்லாது. மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அட்டைக்குத் தனியாக விண்ணப்பித்து அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்ய வேண்டும். இரண்டு சதவீதமும் வேறுபட்டால் பயப்பட வேண்டாம், இரண்டும் வேறு வேறு கணக்கு.

துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர் என்று ரயில்வே சலுகைச் சான்று வாங்கினால் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. இரண்டிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை. கூட வரும் உங்களுக்கும் அதே சலுகை. புனே போக வேண்டியவர்கள் முன்பே இதை வாங்கி வையுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் நடக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள், காசு கிடையாது. கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். 'உங்களுக்குத்தான் மிலிட்டரி ஆஸ்பத்திரி இருக்கிறதே' என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். நீங்களும் இந்த ஊர்க்காரர்தான்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் தொகுப்பு நிதி, கொடி நாள் நிதி உதவிகள் உண்டு. தொகையும் தகுதியும் அவ்வப்போது மாறும். பிள்ளைகள் படிப்பு உதவிக்கு வருஷா வருஷம் கெடு தேதி இருக்கும். ஜூன் மாதமே போய்க் கேட்டுவிடுங்கள்.

9. வங்கி, கையெழுத்து

பென்ஷன் கணக்கை இருவரில் யாரும் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக்குங்கள். கணவன் மனைவிக்கு இது அனுமதிக்கப்பட்டதுதான். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. மூளையில் அடிபட்டோ கோமாவிலோ இருப்பவர் என்றால், மனைவி என்ற உறவு மட்டும் போதாது, சொத்து விற்பது போன்றவற்றுக்கு நீதிமன்றம் மூலம் பாதுகாவலர் உத்தரவு தேவைப்படும். அதற்கும் சட்ட உதவி மையத்தையே அணுகுங்கள்.

அவருடைய சிகிச்சைக் காகிதங்களைத் தேதி வாரியாக வையுங்கள், ஒன்றையும் எறியாதீர்கள். அந்த ஊனத்தாலேயே உயிர் பிரிந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் இல்லை, அதைவிடக் கூடுதலான சிறப்புக் குடும்ப ஓய்வூதியம். அதை நிரூபிக்க இந்தக் காகிதங்கள்தான் கேட்கப்படும். எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் தேட முடியாது.

10. உங்கள் உடம்பு

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும் என்பார்கள், படுக்கைப் புண் வராமல் இருக்க. வருஷக்கணக்கில் அப்படித் தூக்கினால் உங்கள் முதுகு போய்விடும். காற்றுப் படுக்கையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். தூக்காமல் துணியைப் பிடித்து இழுத்துப் புரட்டும் முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்களும் இ.சி.எச்.எஸ்.ஸில் உறுப்பினர், உங்களுக்கும் அட்டை இருக்கிறது. அவருக்கு மருந்து வாங்கப் போகும் அதே நாளில் உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், முதுகுவலி மூன்றையும் காட்டிவிட்டு வாருங்கள்.

கோபமும் அழுகையும் அடக்க முடியாமல் வந்தால், அவர் இரவில் கத்தி எழுந்தால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உங்களுக்குப் பதிலாக ஒரு நாள் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பழக்குங்கள். தங்கை, மச்சினர், வளர்ந்த பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் வீடு நடக்க வேண்டும். அவருடைய ரத்த வகை, ஒவ்வாத மருந்து, மாத்திரை நேரம், கதீட்டர் அளவு, கடைசியாக மாற்றிய தேதி, இ.சி.எச்.எஸ். அட்டை எண், பாலிகிளினிக் போன் எண், ஃபைல் இருக்கும் இடம். இதை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். அடித்துத் திருத்திய தாளைப் பார்த்து அடுத்தவர் மாத்திரை கொடுக்கக் கூடாது.